செல் உயிரியலையும் மூலக்கூறு உயிரியலையும் கதை வழியே கற்பித்தல்: வடசென்னை வகுப்பறைக்கான முழுமையான வழிகாட்டி

கதை வழியே உயிரியல் கற்பிக்க விரும்பும் ஆசிரியர், கதை பாடத்துக்கு முன்னுரையா அல்லது கதையே பாடமா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஒரு நோயாளியைப் பற்றி நான்கு வரி சொல்லி வகுப்பை நிமிர்ந்து உட்காரச் செய்துவிட்டு, பிறகு வழக்கம்போல் சவ்வுக் கடத்தல் குறிப்புகளைச் சொல்லி எழுதவைப்பது முதல் வகை. அதில் குற்றமில்லை, ஆனால் அதற்கு வழிகாட்டியும் தேவையில்லை. இங்கே விளக்கப்படுவது இரண்டாம் வகை. அதில் கதையின் முடிச்சும் மூலக்கூறின் முடிச்சும் ஒன்றே. செல்லுக்குள் நடப்பதைப் புரிந்துகொள்ளாதவரால் கதையின் கேள்விக்கு விடை சொல்ல முடியாது.

இம்முறை புதியதன்று. சட்டக் கல்வியில் ஹார்வர்டு பல்கலைக்கழகம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே வழக்குகளை வைத்துப் பாடம் நடத்தத் தொடங்கியது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி, நோயாளியின் சிக்கலையே பாடத்தின் தொடக்கமாக்கியது. அறிவியல் வகுப்புகளில் இதைப் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளைட் ஃப்ரீமன் ஹெரீட். கதையை ஒரே மூச்சில் கொடுத்துவிடாமல், துண்டு துண்டாகக் கொடுத்து, ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் மாணவர்களை நிறுத்திச் சிந்திக்கவைக்கும் முறையை அவர் வலியுறுத்தினார். வீட்டில் படித்துவிட்டு வரச் சொல்லி அதை நம்ப முடியாத வகுப்புகளுக்கு இந்த இடைநிறுத்த முறை மிகவும் பொருந்தும். மாலையில் கடையிலோ டெலிவரி வேலையிலோ இருக்கும் மாணவர்கள் பாதிப்பேர் அமர்ந்திருக்கும் வடசென்னைக் கல்லூரி வகுப்பில் வேறு முறை எடுபடுவது கடினம்.

முதல் படி: விடையிலிருந்து பின்னோக்கி வருதல்

செய்தித்தாளில் சுவையான நிகழ்வொன்றைக் கண்டதும் அதைக் கத்தரித்து வைத்துக்கொண்டு, அதற்குள் எந்தப் பாடத்தை நுழைக்கலாம் என்று தேடுவது பலருக்குப் பழக்கம். வழி இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். பாடத்திட்டத்தில் மாணவர்கள் மனப்பாடம் செய்தும் புரியாமல் விடுகிற செயல்முறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைப் புரிந்துகொண்டவரால் மட்டுமே விளக்கக்கூடிய, புரியாதவருக்கு முரணாகத் தோன்றக்கூடிய நிகழ்வு எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இணைக் கடத்தலை எடுத்துக்கொள்வோம். "குளுக்கோசும் சோடியமும் ஒரே கடத்தி வழியே சேர்ந்து செல்லுக்குள் செல்கின்றன" என்று எழுதி மதிப்பெண் பெறும் மாணவரிடம், பேதியில் உப்பும் நீரும்தானே வெளியேறுகின்றன, ஓ.ஆர்.எஸ். (பேதியில் குடிக்கக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசல்) பாக்கெட்டில் சர்க்கரை எதற்கு என்று கேட்டால், தெம்புக்கு என்றுதான் பெரும்பாலும் விடை வரும். அந்த இரண்டு விடைகளுக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் கதை இருக்கிறது.

தேர்ந்தெடுத்த முடிச்சைச் சோதிக்க எளிய வழி உண்டு. கதையிலிருந்து மூலக்கூறை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் கதை குறைவின்றி நின்றால், அது பொதுச் சுகாதார வகுப்புக்கு உரியதாக இருக்கலாம். உங்கள் வகுப்புக்கு உரியதன்று. ஒரு கதைக்கு ஒரு செயல்முறை போதும். ஜி-புரதம், நோய் எதிர்ப்பு, மரபுவழி என்று எல்லாவற்றையும் ஒரே நோயாளியின் தலையில் ஏற்றினால் எதுவும் தங்காது.

இரண்டாம் படி: முடிச்சை ஊரிலேயே தேடுதல்

காசிமேட்டில் மீன்பிடித் துறைமுகம், தண்டையார்பேட்டையில் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை, பழைய சிறைச்சாலைச் சாலையில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி என்று, உயிரியல் ஆசிரியருக்கு இந்தப் பகுதி நிறையவே கொடுக்கிறது. மாணவர்களில் சிலருடைய வீட்டார் ஐஸ் கம்பெனியிலோ மருத்துவமனை வார்டிலோ ரத்தப் பரிசோதனைக் கூடத்திலோ வேலை செய்பவர்களாக இருப்பார்கள். கதையின் விவரம் பிசகினால் அவர்களே திருத்துவார்கள் என்பது கூடுதல் நன்மை.

மீனிலிருந்து ஒரு முடிச்சு. கானாங்கெளுத்தியோ சூரையோ சாப்பிட்ட அரை மணி நேரத்தில் முகம் சிவந்து, தலை கனத்து, நெஞ்சு படபடத்து, உடம்பெல்லாம் தடித்துப்போகிறது. பல ஆண்டுகளாக அதே மீனைச் சாப்பிட்டவர். அடுத்த வாரம் மறுபடி சாப்பிடும்போது ஒன்றும் ஆவதில்லை. அப்படியானால் இது ஒவ்வாமையா? குழம்பு நன்றாகக் கொதித்தது. அப்படியும் ஏன் இப்படி? வெயிலில் ஐஸ் போதாமல் கிடந்த மீனில் பாக்டீரியாக்கள் பெருகி, தசையிலிருக்கும் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலத்தின் கார்பாக்சில் தொகுதியை ஒரு நொதியால் நீக்கி, ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. கொதிக்கவைத்தால் பாக்டீரியா சாகும், புரதமாகிய நொதி சிதையும். ஆனால் ஹிஸ்டமின் சிறிய மூலக்கூறு, சமையல் சூட்டில் அழியாது. ஒவ்வாமையின்போது உடலின் மாஸ்ட் செல் என்னும் நோய் எதிர்ப்புச் செல் வெளியிட வேண்டிய பொருள் தட்டிலேயே தயாராக வந்துவிடுவதால், அச்செல்லைத் தூண்டும் ஐஜி-இ எதிர்ப்பொருளின் தலையீடு இல்லாமலேயே ஒவ்வாமையின் அறிகுறிகள் தோன்றுகின்றன. நொதிச் செயல்பாடு, புரதச் சிதைவு, ஏற்பி வழிச் சமிக்ஞை ஆகிய மூன்றில் எதற்கு வேண்டுமானாலும் இதை வளைக்கலாம். ஆனால் ஒரு வகுப்பில் ஒன்றுக்கு மட்டுமே.

மலேரியாவிலிருந்து இன்னொன்று. சென்னையில் இந்நோயைப் பரப்பும் அனோஃபிலிஸ் ஸ்டீஃபன்சி கொசு, மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடுவது. வைவாக்ஸ் வகை மலேரியாவின் ஒட்டுண்ணி கல்லீரலில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழக்கூடியது என்பதால், அதை ஒழிக்கப் பிரைமாகுயின் மாத்திரை 14 நாள் தரப்படுகிறது. அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரே மாத்திரை. சில நாட்களில் அண்ணனின் சிறுநீர் மட்டும் பாலில்லாத டீயின் நிறத்தில் போகிறது, கண் மஞ்சளாகிறது. சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா இல்லை. ஆக்சிஜனேற்றத்தைத் தாங்குவதற்குத் தேவையான என்ஏடிபிஹெச் என்னும் மூலக்கூறை அது, குளுக்கோசைச் சிதைக்கும் பென்டோஸ் பாஸ்பேட் வழியிலிருந்து மட்டுமே பெறுகிறது. அவ்வழியின் முதல் நொதியாகிய ஜி6பிடி அவனிடம் குறைவாக இருக்கிறது. இந்தக் குறைபாட்டையே காரணம் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தது 1956இல். தங்கைக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி, இந்த நொதியின் மரபணு இருக்கும் எக்ஸ் குரோமோசோமுக்கு இட்டுச்செல்லும் என்பதால், வளர்சிதை மாற்றத்தையும் மரபியலையும் இணைக்கும் இரண்டு வகுப்புக் கதையாக இதை அமைக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். உள்ளூர்க் கதை என்றதும் வடசென்னையை நோய்களின் கிடங்காகக் காட்டிவிடும் வாய்ப்பு உண்டு. அந்தப் பார்வையை மாணவர்கள் வெளியில் வேண்டிய அளவு சந்திக்கிறார்கள். வகுப்பிலும் அது வேண்டாம். கதையில் நோயாளி மட்டும் இந்த ஊர்க்காரராக இருந்து, விளக்குபவர் எங்கிருந்தோ வந்த டாக்டராக இருக்கக் கூடாது. மீனைத் தொட்டுப் பார்த்தே ஐஸ் போதவில்லை என்று சொல்லும் வியாபாரியும், ரத்தப் பூச்சுக் கண்ணாடியில் ஒட்டுண்ணியைக் கண்டுபிடிக்கும் பரிசோதகரும் இந்த ஊர்க்காரர்கள்தாம்.

காயம் ஆறாத நிகழ்வுகளையும் எடுக்க வேண்டாம். 2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்த இரவைக் கொண்டு நுரையீரல் செல்கள் சிதைவதைக் கற்பிக்க முடியும். ஆனால் அந்த இரவில் வீட்டை விட்டு ஓடிய பிள்ளை முன்பெஞ்சில் இருந்தால், அது பாடமாக இராது. உண்மையான நோயாளியின் விவரங்களைப் பெயர் மாற்றி எழுதுவதும் தகாது. நான்கு தெரு தள்ளி இருப்பவரை மாணவர்கள் எளிதில் அடையாளம் கண்டுவிடுவார்கள். மனிதர்களைக் கற்பனையாக அமையுங்கள். உயிரியலை மட்டும் உண்மையாக வையுங்கள்.

மூன்றாம் படி: கதையை எழுதுதல்

முதலில் தேர்ந்தெடுத்த ஓ.ஆர்.எஸ். முடிச்சையே முழுமையாக எழுதிப் பார்ப்போம். ஒரு துண்டு பத்து வரிக்கு மிகாமல் இருக்க வேண்டும். மாணவர் வயதில் ஒருவர் கதைக்குள் இருந்து, தவறானாலும் பகுத்தறிந்து ஒரு முடிவை எடுக்க வேண்டும். ஏனெனில் அந்த முடிவு ஏன் பலிக்கவில்லை என்பதுதான் வகுப்பின் கேள்வி. மாணவர்களிடம் கொடுக்கும் தாளில் முதல் துண்டு ஏறத்தாழ இப்படி இருக்கலாம்:

"காசிமேட்டில் வலை பின்னும் ஏழுமலைக்கு, மழை விட்ட மூன்றாம் நாள் விடியற்காலையில் வயிற்றுப்போக்கு தொடங்கியது. வயிற்றுவலி இல்லை, காய்ச்சல் இல்லை, ரத்தமும் இல்லை. அரிசி களைந்த தண்ணீர்போல் போய்க்கொண்டே இருந்தது. பத்து மணிக்குள் கண்கள் குழி விழுந்து, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. மகள் வனிதா பி.எஸ்சி. முதலாண்டு மாணவி. ஒரு சொம்புத் தண்ணீரில் உப்பைக் கரைத்து, 'உப்புதான் நைனா வெளிய போவுது, இத்தக் குடி' என்று கொடுத்தாள். அவர் குடித்தார். போக்கும் நிற்கவில்லை, தெளிவும் வரவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோவில் மருத்துவமனைக்குப் புறப்பட்டார்கள்."

இரண்டாம் துண்டில் மருத்துவர் காலரா என்று சொல்லி, நரம்பு வழியே திரவம் ஏற்றுகிறார். காலரா முற்றினால் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறக்கூடும் என்ற செய்தியும் இதில் வரும். மூன்றாம் துண்டில் அவர் சற்றுத் தெளிந்ததும் செவிலியர் ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுக்கிறார்:

"'நானும் உப்புத் தண்ணிதான் சிஸ்டர் குடுத்தேன்.'
'வெறும் உப்பு பத்தாதுமா. சர்க்கரையும் சேர்ந்து இருக்கணும்.'
'சர்க்கரை தெம்புக்குத்தானே?'
'தெம்புக்கு இல்ல. அது இல்லாட்டி உப்பு உள்ளயே ஏறாது.'
மாலை வரை ஏழுமலைக்குப் போக்கு குறையவில்லை. ஆனால் நாடி சீரானது, எழுந்து உட்கார்ந்தார்."

கடைசி இரண்டு வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். போக்கு நிற்காமலேயே நோயாளி தேறுகிறார் என்பதுதான் இக்கதையின் உள்முடிச்சு. பேச்சு வழக்கைப் பற்றி ஒரு சொல்: வனிதா பேசுவதுபோல் இந்தப் பகுதியினர் பேசுகிறார்கள் என்பதற்காக மட்டுமே அது தாளில் இருக்க வேண்டும். சிரிப்பு மூட்டுவதற்காக மெட்ராஸ் பாஷையைத் தூவினால், அது தங்களைக் குறிவைத்த கேலி என்பது பின்பெஞ்சுக்கு உடனே புரிந்துவிடும்.

நான்காம் படி: தரவைச் சேர்த்தல்

கதையை மட்டும் வைத்து மாணவர்களால் மூலக்கூறை ஊகிக்க முடியாது. ஒவ்வொரு துண்டோடும் ஒரு சோதனை முடிவையோ எண் வரிசையையோ கொடுக்க வேண்டும். இரண்டாம் துண்டோடு கொடுக்க மிகச் சிறந்தது, கொல்கத்தாவில் சம்பு நாத் தே செய்து 1959இல் வெளியிட்ட சோதனை. காலரா பாக்டீரியாவை வளர்த்த திரவத்தை வடிகட்டிப் பாக்டீரியாவையே நீக்கிவிட்டு, அந்த வடிநீரை முயலின் குடலில் இருபுறமும் கட்டப்பட்ட பகுதிக்குள் செலுத்தினார்; கட்டப்பட்ட பகுதியில் நீர் நிரம்பியது. பாக்டீரியா குடலைத் தின்கிறது, ஓட்டை போடுகிறது என்று முதல் துண்டில் எழுதிய குழுக்கள், பாக்டீரியாவே இல்லாமல் நீர் வந்ததைக் கண்டு தங்கள் விடையைத் தாங்களே அடித்துவிட்டு எழுத வேண்டியிருக்கும்.

நீரை வரவழைத்தது பாக்டீரியா வெளியிட்டு வடிநீரில் தங்கிய நச்சு. அது செய்யும் வேலையை இந்த இடத்தில் ஆசிரியர் சொல்லிக் கொடுக்கலாம். இதை ஊகிக்கவைக்க முயல்வது நேர விரயம். நச்சின் ஐந்து பி-துணையலகுகள் குடற்செல்லின் ஜிஎம்1 கொழுப்போடு பிணைகின்றன. உள்ளே செல்லும் ஏ-துணையலகின் ஒரு பகுதி, செல்லுக்குள் சமிக்ஞையைக் கடத்தும் ஜிஎஸ் புரதத்தை வேதிமாற்றம் செய்து, தன்னை அணைத்துக்கொள்ள அது சிதைக்க வேண்டிய ஜிடிபி மூலக்கூறைச் சிதைக்க முடியாமல் ஆக்குகிறது. அணைய வேண்டிய சமிக்ஞை அணையாமல், அடினைலேட் சைக்ளேஸ் நொதி சைக்ளிக் ஏஎம்பி என்னும் சமிக்ஞை மூலக்கூறைத் தொடர்ந்து உற்பத்தி செய்கிறது. அதனால் சிஎஃப்டிஆர் என்னும் குளோரைடு கால்வாய்ப் புரதம் திறந்தே கிடக்கிறது. குளோரைடு வெளியேற, சோடியமும் நீரும் பின்தொடர்கின்றன. அதே சமயம் சோடியம் வழக்கமாக உள்ளே வரும் வழிகளில் ஒன்றும் அடைபடுகிறது.

மூன்றாம் துண்டோடு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் பின்புறத்தைக் கொடுங்கள். ஒரு லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் என்று அதில் இருக்கும். இவற்றை மில்லிமோலாக மாற்றச் சொன்னால், குளுக்கோஸ் 75, சோடியம் ஏறத்தாழ 75 என்று சமமாக வரும். சிட்ரேட்டிலிருந்து வரும் மூன்று சோடியத்தைப் பெரும்பாலோர் மறப்பார்கள். மறக்கட்டும், கணக்கு உதைக்கும்போது பக்கத்துக் குழு சொல்லும். மொத்த ஆஸ்மோலாரிட்டி (ஒரு லிட்டரில் கரைந்துள்ள துகள்களின் அளவு) 245 மில்லிஆஸ்மோல் என்பதையும், பழைய கலவையில் அது 311 ஆக இருந்து 2002இல் குறைக்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கொடுத்து, ரத்தத்தின் அளவாகிய ஏறத்தாழ 290-உடன் ஒப்பிடச் சொன்னால், அளவு மீறிச் சர்க்கரை போட்ட பானம் பேதியில் ஏன் கெடுதல் செய்யும் என்பதைச் சவ்வூடு பரவலைக் கொண்டு அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஐந்தாம் படி: வகுப்பில் நடத்துதல்

ஐம்பது நிமிட வகுப்பு, அறுபதுக்கு மேற்பட்ட மாணவர்கள், நகர்த்த முடியாத பெஞ்சுகள். முன்பெஞ்சில் இருப்பவர்களைத் திரும்பி உட்காரச் சொன்னால் ஆறு பேர் கொண்ட குழுக்கள் அமைந்துவிடும். ஒரு குழுவுக்கு ஒரு தாள் போதும். தலைக்கொரு ஜெராக்ஸ் எடுத்தால் ஆளாளுக்குத் தனியே படிப்பார்கள், பேச மாட்டார்கள். ஒவ்வொரு குழுவிலும் எழுதுபவர் ஒருவர், கரும்பலகைக்கு வருபவர் ஒருவர். வழக்கமாக விடை சொல்லும் மாணவரிடம் எழுதும் வேலையைக் கொடுத்துவிடுவது நல்லது. மற்றவர்கள் சொன்னால்தான் அவருக்கு எழுத ஏதாவது இருக்கும்.

முதல் இரண்டு துண்டுகளையும் இருபது நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள். உண்மையான வேலை மூன்றாம் துண்டில்தான். அதற்கு முன் கரும்பலகையில் ஒரு குடற்செல்லைப் பெரிதாக வரையுங்கள்: மேலே குடலின் உட்புறம், கீழே ரத்தம், மேற்சவ்வில் திறந்தே கிடக்கும் குளோரைடு கால்வாய், கீழ்ச்சவ்வில் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் பம்ப். சர்க்கரை எங்கே வருகிறது என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள்.

குழுக்களிடமிருந்து மூன்று வகை ஊகங்கள் வரும். சர்க்கரை எரிந்து ஏடிபி ஆகிப் பம்புக்கு ஆற்றல் தருகிறது என்பது ஒன்று. சர்க்கரை உள்ளே போனால் சவ்வூடு பரவலால் நீரும் பின்னால் போகும் என்பது இன்னொன்று. சர்க்கரையும் சோடியமும் ஒரே வாயிலில் சேர்ந்து போகின்றன என்பது மூன்றாவது. எது சரி என்று சொல்லிவிடாதீர்கள். மூன்றையும் பலகையில் எழுதி, இவற்றைப் பிரித்தறிய என்ன சோதனை செய்வீர்கள் என்று கேளுங்கள். வகுப்பு தயங்கினால் ஒரு குறிப்புக் கொடுக்கலாம்: குளுக்கோசுக்குப் பதிலாக வேறு சர்க்கரைகளைப் பயன்படுத்தினால்? ஆற்றல்தான் காரணம் என்றால் ஃபிரக்டோசும் அதே பலனைத் தர வேண்டும். நீரை இழுப்பதுதான் காரணம் என்றால், உள்ளே போகும் எந்தச் சர்க்கரையும் சோடியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே அளவில் போக வேண்டும். ஒரே வாயில்தான் காரணம் என்றால், அந்த வாயிலில் நுழையக்கூடிய சர்க்கரை மட்டுமே பலன் தரும். சோடியம் இல்லாவிட்டால் அந்தச் சர்க்கரையும் உள்ளே போகாது. ஒவ்வொரு ஊகத்துக்கும் எதிர்பார்ப்பை எழுதிய பிறகே முடிவைச் சொல்லுங்கள்: குடலில் சோடியம் உறிஞ்சுதலைக் குளுக்கோசும் காலக்டோசும் கூட்டுகின்றன, ஃபிரக்டோஸ் அவ்வாறு கூட்டுவதில்லை, சோடியத்தை நீக்கிவிட்டால் குளுக்கோசும் தேங்கி நிற்கிறது. ராபர்ட் கிரேன் 1960இல் பிராகில் நடந்த கூட்டமொன்றில் முன்வைத்த இணைக் கடத்தல் கருத்து இதுவே என்று அப்போது சொன்னால், அது பெயர்ப் பட்டியலில் இன்னொன்றாக இராமல், அவர்கள் வந்து சேர்ந்த இடத்துக்கு முன்பே ஒருவர் வந்திருக்கிறார் என்ற உணர்வைத் தரும்.

எஸ்ஜிஎல்டி1 என்னும் அந்தக் கடத்தியில் இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோசும் ஏறினால்தான் நகர்வு. ஆள் நிரம்பாமல் கிளம்பாத ஷேர் ஆட்டோ என்று சொன்னால் தங்கசாலையிலிருந்து வரும் மாணவருக்கு உடனே பிடிபடும். ஆனால் உவமையை அங்கேயே நிறுத்துங்கள். கடத்தி சவ்வைக் குறுக்கே கடந்து ஓடுவதில்லை, இருந்த இடத்திலேயே வடிவம் மாறித் திறக்கும் பக்கத்தை மாற்றுகிறது.

இனி உள்முடிச்சு. போக்கு ஏன் குறையவில்லை? ஓ.ஆர்.எஸ். நச்சை முறிப்பதில்லை, குளோரைடு கால்வாயை மூடுவதும் இல்லை. வெளியேறும் வழி அப்படியே திறந்திருக்கிறது. நச்சு தீண்டாத வேறொரு வழியில் உப்பும் நீரும் உள்ளே வருகின்றன என்பதே விடை. பலகையிலுள்ள செல்லில் வெளியே போகும் அம்பை ஒரு மாணவரும் உள்ளே வரும் அம்பை இன்னொருவரும் வரையட்டும். இரண்டும் வெவ்வேறு புரதங்கள் வழியே செல்கின்றன என்பது கண்ணுக்குத் தெரிந்தபின், "மருந்து நோயைத் தடுக்காமலேயே ஆளைக் காப்பாற்றுகிறது" என்பது முரணாகத் தோன்றாது. 1971இல் வங்கதேசப் போரின்போது பனகான் அகதி முகாமில் நரம்பு வழித் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழி கொடுக்கச் செய்ததில், ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதமாகக் குறைந்தது. இந்த எண்களை வகுப்பின் தொடக்கத்தில் சொல்லி வியக்கவைக்க ஆசை வரும். பொறுத்திருந்து இங்கே சொன்னால் அவை எதனால் நடந்தன என்பதும் சேர்ந்தே மனத்தில் நிற்கும்.

இந்த இடத்தில் யாராவது ஒருவர், எங்கள் ஆயா உப்புப் போட்ட கஞ்சி கொடுப்பார்களே என்று நிச்சயம் கேட்பார். நல்ல கேள்வி. "முன்னோர்கள் அன்றே அறிந்திருந்தார்கள்" என்று சொல்லி அதை மூடிவிடுவதுதான் அதற்கு நாம் செய்யக்கூடிய பெரிய அநியாயம். கஞ்சியில் குளுக்கோஸ் எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேளுங்கள். மாவுச்சத்தை அமைலேஸ் உடைப்பதும், குடற்செல்லின் விளிம்பிலுள்ள நொதிகள் மால்டோசை உடைப்பதும், பெரிய மூலக்கூறாக இருக்கும்வரை மாவுச்சத்து ஆஸ்மோலாரிட்டியை அதிகம் ஏற்றுவதில்லை என்பதும் அந்த ஒரு கேள்வியிலிருந்து வந்துவிடும். அரிசியை அடிப்படையாகக் கொண்ட ஓ.ஆர்.எஸ். காலராவில் நன்றாகவே பலனளிக்கிறது என்பது ஆய்வுகளில் உறுதியான செய்தி.

ஆறாம் படி: மொழி

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலை எதிர்கொள்ளும் மாணவர்களே இங்கு அதிகம். குழு விவாதம் தமிழில் நடக்கட்டும். பலகையில் ஏற்பி, ரிசெப்டார் என இரண்டு சொற்களும் அருகருகே இருக்கட்டும். எழுத்தில் எந்த மொழியானாலும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் சரளமாகப் பேசுபவர் விவாதத்தைக் கைப்பற்றுவது இதனால் பெருமளவு குறையும்.

ஏழாம் படி: மதிப்பிடுதல்

பல்கலைக்கழகத் தேர்வு இன்னமும் சிறுகுறிப்பு வரையச் சொல்கிறது என்பதை மறந்து வகுப்பு நடத்த முடியாது. கதை முடிந்த மறுநாள், அதே செயல்முறையைச் சிறுகுறிப்பாக எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணைச் சொற்களுக்குத் தராமல், காரணத் தொடரின் ஒவ்வோர் இணைப்புக்கும் தாருங்கள். "நச்சினால் நீர் வெளியேறுகிறது" என்பதற்கு ஒன்று. ஜிஎஸ் புரதம், சைக்ளிக் ஏஎம்பி, குளோரைடு கால்வாய், சோடியம், நீர் என்று இடையில் வரும் ஒவ்வொரு "அதனால்"-க்கும் தனித்தனியே ஒன்று.

ஆனால் அது நினைவாற்றலையும் அளந்துவிடும் என்பதால், புதிய சூழலில் இன்னொரு கேள்வி கட்டாயம் வேண்டும். இந்தக் கதைக்குப் பொருத்தமான கேள்வி இது: பிறந்த சில நாட்களிலேயே ஒரு குழந்தைக்குக் கடும் பேதி. தாய்ப்பால் கொடுத்தால் கூடுகிறது, ஓ.ஆர்.எஸ். கொடுத்தாலும் கூடுகிறது. குளுக்கோசும் காலக்டோசும் இல்லாமல் ஃபிரக்டோஸ் மட்டும் கலந்த பால் மாவைக் கொடுத்ததும் நிற்கிறது. எந்தப் புரதத்தில் குறை? ஏழுமலையைக் காப்பாற்றிய கரைசல் இக்குழந்தைக்கு ஏன் கெடுதல் செய்கிறது?

எஸ்ஜிஎல்டி1-இன் பெயரை மட்டும் எழுதுபவருக்குப் பாதி மதிப்பெண் போதும். பாலின் லாக்டோஸ் உடைந்து குளுக்கோசும் காலக்டோசும் ஆவது, இரண்டும் உறிஞ்சப்படாமல் குடலிலேயே தங்கி நீரை இழுப்பது, ஃபிரக்டோசுக்கு வேறு கடத்தி இருப்பது ஆகிய மூன்றையும் தொடர்புபடுத்துபவருக்கு முழு மதிப்பெண். விடைத்தாள்களில் எந்த இணைப்பு அதிகமாக விடுபடுகிறது என்று குறித்துக்கொண்டு, அடுத்த ஆண்டு கதைத் தாளில் அந்த இடத்தில் ஒரு தரவைக் கூட்டுங்கள். பெரும்பாலும் அது சர்க்கரை தங்கினால் நீரும் தங்கும் என்ற இடமாகவே இருக்கும். அப்படியானால் ஆஸ்மோலாரிட்டிக் கணக்கை மூன்றாம் துண்டிலிருந்து எடுத்து, அதற்கென்று தனியாக ஒரு துண்டு எழுதிவிடலாம்.